தொட்டி நீரும் தேகாரோக்கியமும்

சேமிப்பின் அவசியம்

குழாயில் தண்ணீர் வரும் வேளைக்குக் காத்திருந்து பிடித்து வைப்பது கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் போன்ற ஊர்களில் இல்லறத்தின் அன்றாடக் காரியங்களுள் ஒன்றாகையால், சிமெண்ட் தொட்டியோ மாடியில் பிளாஸ்டிக் தொட்டியோ இல்லாத வீடு அபூர்வம். 2003-இல் தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதையும் நாம் அறிவோம். சேமிப்பு மிக நன்று. ஆனால் சேமித்த ஜலத்தைப் பராமரியாமல் விடுவதால் விளையும் அனர்த்தத்தை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

சுவரில் ஒட்டிய முட்டை

டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைவிடத் தெளிந்த நீரையே பெரிதும் விரும்பி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரம் படிந்த தொட்டிச் சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. அம்முட்டைகள் நீரின்றிக் காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும் இயல்புடையவை. ஆதலால் தண்ணீரை வெறுமனே கொட்டிவிட்டு மீண்டும் நிரப்புவது பூரண பரிகாரமாகாது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் மெல்லிய புழுக்கள், நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும். நம் ஊர் வெப்பத்தில் அவை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும்.

சுத்தி செய்யும் முறை

ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, தேங்காய் நாரினாலோ பிரஷினாலோ உட்சுவரை அழுந்தத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரந்தோறும் காலி செய்ய இயலாத பெருந்தொட்டிக்கு இடைவெளியற்ற மூடியும், காற்றுக்குழாய், வழிகுழாய் ஆகியவற்றின் வாயில் கொசுவலையும் அத்தியாவசியம். கிருமிநாசம் செய்ய, 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்துத் தெளியவைத்து, மேல்தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரத்துக்குப் பின் உபயோகிக்கலாம். பிளீச்சிங் பவுடரிலுள்ள குளோரின் கிருமிகளைக் கொல்லுமேயன்றிக் கொசுப்புழுவை அழிக்க அதை நம்பலாகாது. கூரைநீர் பிடிப்போர், பறவை எச்சமும் தூசியும் கலந்த முதல் மழையை வெளியே விட்டுவிடுவது உத்தமம்.

ஜுரம் கண்டால்

கடும் ஜுரத்தோடு கண்ணுக்குப் பின்னும் மூட்டுகளிலும் வலி கண்டால் ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் மாத்திரைகளைச் சுயமாக விழுங்காதீர்கள். அவை இரத்தப்போக்கை மிகுவிக்கும். ஜுரம் தணிகிற சமயமே டெங்குவில் ஆபத்தானது. அப்போது வயிற்றுவலியோ, ஓயாத வாந்தியோ, ஈறில் இரத்தமோ தோன்றினால் க்ஷணமும் தாமதியாமல் நோயாளியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.