நூறு வயது கடந்த பாய்க்கப்பல்



கப்பல் என்றதும் நம் தோட்டத்துப் பெரியவர்கள் 'ரஜூலா'வைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். நம்மவர்களைத் தமிழகத்திலிருந்து பினாங்குக்கு ஏற்றி வந்த நீராவிக் கப்பல் அது. 1926இல் கட்டப்பட்ட அந்த இரும்புக் கப்பல் 1974இல் உடைக்கப்பட்டுவிட்டது. அதைவிடப் பதின்மூன்று ஆண்டுகள் மூத்த மரக்கப்பல் ஒன்று இன்றும் பாய் விரித்து ஓடுகிறது என்றால் நம்புவீர்களா? அதன் பெயர் அட்வென்ச்சரஸ். அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்துப் போர்ட் டவுன்செண்ட் துறைமுகத்தில், செப்டம்பர் மாதம் நடைபெறும் மரப்படகுத் திருவிழாவில் மக்கள் அதில் ஏறிப் பார்க்கிறார்கள்.

இது 'ஸ்கூனர்' என்னும் வகையைச் சேர்ந்தது. பழைய பெருங்கப்பல்களில் பாய்கள் குறுக்குவாட்டில் தொங்கும். அவற்றைச் சுருட்ட ஆட்கள் உயரே ஏறவேண்டும். புயல் அடித்தாலும் ஏறத்தான் வேண்டும். ஸ்கூனரிலோ முக்கியமான பாய்கள், நிலையில் மாட்டிய கதவைப்போல, பாய்மரத்தை ஒட்டி நீளவாக்கில் இருக்கும். தளத்தில் நின்றபடியே கயிற்றை இழுத்து அவற்றை ஏற்றலாம், இறக்கலாம். ஆட்களும் குறைவாகப் போதும். கூலி கொடுக்கும் முதலாளிகளுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை!

அட்வென்ச்சரஸ் 1913இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மெயின் மாநிலத்தில் கட்டப்பட்டது. முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்து நீளம் 133 அடி. ஜான் போர்டன் என்ற செல்வர், வடதுருவக் கடலில் திமிங்கிலம் ஒன்றைப் பிடித்து நியூயார்க் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஆசைப்பட்டு இதைக் கட்டுவித்தார். பனாமா கால்வாய் அப்போது திறக்கப்படவில்லை. ஆகவே தென் அமெரிக்காவையே சுற்றிக்கொண்டு போயிற்று. திமிங்கிலம் மட்டும் கிடைக்கவில்லை. மறு ஆண்டே கப்பல் விற்கப்பட்டது.

வாங்கியவர்கள் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்து வழிகாட்டி மாலுமிகள். அத்துறைமுகத்தின் வாயிலில் கடலுக்கடியில் மணல்மேடு உண்டு. இவர்கள் வெளிக்கடலில் காத்திருந்து, வருகின்ற கப்பல்களில் ஏறி, பத்திரமாக உள்ளே கொண்டுவருவார்கள். 1952 வரை அட்வென்ச்சரஸ் இந்தத் தொழிலில் இருந்தது. செல்வரின் ஆசைக்குப் பிறந்த கப்பலை உழைப்புதான் காப்பாற்றியது என்று நமக்குத் தோன்றுகிறது.

சரி, மரம் எப்படி இத்தனை காலம் தாங்கியது? மரக்கப்பலுக்குக் கடல் நீரைவிட மழைநீரே பெரிய பகை. அது தளத்துப் பலகை இடுக்கில் இறங்கி, காற்றோட்டமில்லாத மூலையில் தங்கினால் பூஞ்சை பிடித்து மரம் உளுத்துப்போகும். மழைக்காலத்தில் ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டை அழுகுவதைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உளுத்த பலகையைக் கழற்றிவிட்டு, புதுப்பலகையை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் வளைத்துப் பொருத்துகிறார்கள். பிறகு பலகைகளின் இடைவெளியில் பஞ்சையும் தார் தோய்ந்த நாரையும் உளியால் அடித்துத் திணிக்கிறார்கள். இறுக்கம் குறைந்தால் நீர் புகும். மிஞ்சினால் பலகையே விலகும். தேர்ந்த தொழிலாளி, சுத்தியல் எழுப்பும் ஓசையைக் கேட்டே அளவை அறிவார். பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டினால் பால் வரும், எவ்வளவு வெட்டினால் மரம் காயப்படும் என்று கையாலேயே அறிந்த பால்வெட்டுத் தாய்மார்கள் நம்மிடையே இல்லையா? அதுபோலத்தான் இதுவும்.

கண்ணாடி இழைப் படகுகள் பெருகி, இந்தக் கைவேலை அருகி வந்த காலத்தில்தான், 1977இல், இத்திருவிழா தொடங்கியது. பலகைகளை மாற்றிக்கொண்டே போனால் அது பழைய கப்பல்தானா என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் பலகையைப் பொருத்தத் தெரிந்த கை இல்லாமற்போனால், பழைய கப்பலும் இராது, புதியதும் இராது.

1989 முதல் ஒரு தொண்டு நிறுவனம் இக்கப்பலில் மாணவர்களை ஏற்றிக் கடலைப் பற்றிக் கற்பிக்கிறது. பெரிய பாயின் தலைப்பில் ஒரு கனத்த சட்டம் உண்டு. அதன் இரு முனைகளுக்கும் இரண்டு கயிறுகள். பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று இழுக்கிறார்கள். ஒரு வரிசை முந்தினால் சட்டம் சாய்ந்துவிடும். ஆகவே ஒருவர் குரல் கொடுக்க, நம் ஊர் 'ஏலேலோ' போல, எல்லாரும் ஒரே மூச்சாக இழுக்கிறார்கள். பாய் உச்சியைத் தொட்டதும் கயிற்றைக் கட்டி, மீதியை வளையமாகச் சுருட்டி வைப்பதும் அந்தப் பிள்ளைகளின் வேலைதான்.