நோயின் காலமும் சட்டத்தின் காலமும்

நோயுற்றவன் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் மருத்துவன் ஆராய்ந்து செயற்படல் வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் உணர்த்தும் கருத்துக்களுள் ஒன்று. இக்கடமை மருத்துவனுக்கு மட்டும் உரியதன்று. நோயினால் உழைக்கும் ஆற்றலை இழந்தோர்க்கு உதவிப்பணம் வழங்கும் அரசுக்கும் உரியதே. மூன்றனுள் முதலிரண்டையும் சட்டங்கள் எளிதிற் கருதுகின்றன. காலத்தைக் கருதுதலே அரிது. நாளுக்கு நாள் முற்றும் நோய்களை முன்னிட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த சட்டமாற்றங்கள் இவ்வுண்மையைத் தெளிவுறுத்துவன.

அந்நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935 ஆம் ஆண்டில், ஜனாதிபதி றூஸ்வெல்ற் காலத்தில் நிறைவேறியது. அது முதியோர்க்கு உபகாரச் சம்பளம் வகுத்தது. இடைவயதில் நோயுற்று வேலையிழந்த தொழிலாளர்க்கு அதிற் காப்புறுதி இருக்கவில்லை. இக்குறையை 1956 இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஒப்பமிட்ட திருத்தம் ஓரளவு நீக்கிற்று. எனினும், 50 வயது நிரம்பியோரே உதவிப்பணம் பெறலாம். அவர்களும் ஆறு மாதம் காத்திருத்தல் வேண்டும். வயதெல்லை 1960 இல் அகற்றப்பட்டது. காத்திருக்குங் காலம் 1972 இல் ஐந்து மாதமாகக் குறைக்கப்பட்டது. மெடிக்கெயர் என்னும் அரசாங்க மருத்துவக் காப்புறுதியும் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இத்தகையோர்க்கு விரிக்கப்பட்டது. ஆயினும், உதவிப்பணத்துக்கு உரிமை பெற்று 24 மாதம் கழிந்த பின்னரே அது கிட்டும் என விதிக்கப்பட்டது.

காத்திருக்குங் காலம் காரணமின்றி அமைந்ததன்று. சில மாதங்களிற் குணமாகும் நோய்களை விலக்குதலும் பொது நிதியைக் காத்தலும் அதன் நோக்கங்களாம். கால் முறிந்தவன் ஆறு மாதத்தில் எழுந்து மீண்டும் தொழிலுக்குச் செல்லக்கூடும். அவனளவில் இவ்விதி பொருந்துவதே. குணமடைதல் என்பதே இல்லாத நோய்க்கு இது பொருந்துமோ என்பதே வினா.

ஏ.எல்.எஸ். எனப்படும் நோய் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ விளக்கிய இந்நோயில், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. கைகால்கள் வலுவிழக்கின்றன, பேசுதலும் விழுங்குதலும் தடைப்படுகின்றன, ஈற்றில் மூச்சு விடுதலும் அரிதாகின்றது. 2,130 பேஸ்போல் ஆட்டங்களில் இடையறாது ஆடிய லூ கெரிக் என்னும் வீரருக்கு 1939 இல் இந்நோய் கண்டறியப்பட்டது. 1941 இல், தம் 37 ஆம் வயதில், அவர் இறந்தார். நோயுற்றோருட் பெரும்பாலோர் அறிகுறி தோன்றி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுள் இறக்கின்றனர். ஐந்து மாதத்தோடு 24 மாதத்தைக் கூட்டின் 29 மாதமாகும். ஆகவே, மருத்துவக் காப்புறுதி வாயிலை அடையுமுன்னரே மாண்டோர் பலர்.

நோயாளரும் அவர்தம் குடும்பத்தினரும் நெடுங்காலம் முயன்றதன் பயனாக, ஏ.எல்.எஸ். நோயாளர்க்கு மட்டும் 24 மாதக் காத்திருப்பு 2001 ஜூலை முதல் நீக்கப்பட்டது. எஞ்சிய ஐந்து மாதக் காத்திருப்பை நீக்குஞ் சட்டம் 2020 டிசெம்பரிலேயே ஒப்பமிடப்பட்டது. இவ்விரண்டு படிகளுக்கு இடையே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

இதனிடையே, 2008 இல், கொடிய நோய்கள் சிலவற்றின் விண்ணப்பங்களை விரைந்து தீர்க்கும் பரிவுச் சலுகை முறை தொடங்கிற்று. முதலில் 50 நோய்கள் அதன் பட்டியலில் இடம்பெற்றன. இன்று அவை 200 இற்கு மேற்பட்டன. நோய் இன்னதென உறுதியாக நாட்டப்படின், நெடிய விசாரணையின்றிச் சில வாரங்களிலேயே முடிவு கிடைக்கக்கூடும். ஆயின் இம்முறை முடிவை விரைவுபடுத்துமேயன்றி, ஏனைய நோயாளர்க்குரிய ஐந்து மாதக் காத்திருப்பைப் போக்காது.

விரைந்து கொல்லும் நோயினுங் காட்டில், மெல்ல முற்றும் நோய் வேறொரு வகையில் இடர் விளைக்கின்றது. பார்க்கின்சன் நோயும், மூளையிலும் முண்ணாணிலும் நரம்புறைகளைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்னும் நோயும் இவ்வகையின. பின்னையது பலருக்கு ஒருகாற் கடுமையாகவும் ஒருகால் தணிந்தும் காணப்படும். தணிந்த நாளில் நோயாளியைக் காண்போர் அவர் உழைக்க வல்லவர் என்றே எண்ணுவர்.

இங்கு, காப்புறுதிக்குரிய தகுதியும் காலத்தோடு பிணைந்துளது. பொதுவாகப் பத்தாண்டு உழைப்பும், அதனுள் ஐந்தாண்டு இயலாமை தோன்றுமுன் உள்ள பத்தாண்டினுள் அமைதலும் வேண்டும். இளையோர்க்கு இவ்வளவு குறையும். நோயுற்றவர் மனவுறுதியால் வேலை நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஈற்றில் வேலையை விட்டு, விண்ணப்பிக்காது வாழ்வாராயின், ஏறத்தாழ ஐந்தாண்டில் அத்தகுதி அற்றுப்போகும். அதன்பின் விண்ணப்பிப்பவர், தகுதி நீங்குமுன்னரே தமக்கு இயலாமை நேர்ந்ததெனப் பழைய மருத்துவக் குறிப்புக்களால் நாட்டுதல் வேண்டும். குறிப்பில்லாதவிடத்து உண்மையான துன்பமும் சான்றற்றதாகின்றது. தொழிற்காலம் போதாத வறியோர்க்கு 1974 இல் தொடங்கிய வேறோர் உதவித்திட்டம் உண்டு. அது வருமானமும் உடைமையும் மிகக் குறைந்தோர்க்கே உரியது.

விண்ணப்பம் மறுக்கப்படின் 60 நாட்களுள் மேன்முறையீடு செய்யலாம். மீளாய்வு, நிர்வாக நீதிபதி முன் விசாரணை, மேன்முறையீட்டுச் சபை, கூட்டாட்சி நீதிமன்றம் என அவ்வழி நீள்கின்றது. உரிமை உடையவர் முதல் மறுப்போடு சோர்ந்துவிடின், அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

எனவே, முற்றும் நோயுடையோர்க்கு இன்றியமையாதவை இரண்டு. கைநடுக்கம், சோர்வு, விழுதல், செய்யவியலாது போன வேலை ஆகியவற்றை மருத்துவரிடங் கூறி, அவை நோய்க்குறிப்பில் நாளிட்டு எழுதப்படுமாறு செய்தல் ஒன்று. வேலையை விடுமுன்னரே தம் காப்புறுதித் தகுதி எந்நாள்வரை நிலைக்கும் என அறிந்துகொள்ளுதல் மற்றொன்று. சட்டம் இயற்றுவோர்க்கு உரிய பாடமோ இவற்றினும் பெரிது. காத்திருக்கக்கூடியவனுக்கு வகுத்த காலத்தைக் காத்திருக்க இயலாதவன்மீதுஞ் சுமத்துதல் சமநீதி ஆகாது. உதவியின் அளவைப் போலவே அது வந்து சேரும் நாளும் நீதியின் பாற்பட்டதாகும்.