பூஞ்சையை அறியும் டி அணு

நாம் உள்ளிழுக்கும் காற்றோடு பூஞ்சைகளின் நுண்வித்துக்கள் ஓயாமல் நுரையீரலுக்குள் சென்றுகொண்டேயிருக்கின்றன. காண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் பூஞ்சையோ, ஆரோக்கியமான மனிதர் பலருடைய வாயிலும் குடலிலும் யாதொரு உபத்திரவமும் செய்யாமல் நெடுங்காலம் குடியிருக்கிறது. இவ்வளவு அருகில் வாசம் செய்வது ஏன் பெருகிப் படர்ந்து உடலை மேற்கொள்ளவில்லை என்று காரணம் தேடிப் போகிறவன், கடைசியில், தைமஸ் சுரப்பியில் பக்குவம் பெற்று இரத்தத்திலும் நிணநீரிலும் சஞ்சரிக்கும் டி அணுக்கள் என்ற வெள்ளையணு வகையினிடத்தே வந்து நிற்பான்.

பூஞ்சையை இனங்காண்பது எளிதான காரியமன்று. நம்முடைய உயிரணுவைப் போலவே உட்கருவும் அதற்குரிய உறுப்புகளும் படைத்த அது, உயிரினங்களின் வம்சாவளியில் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு பூண்டது. பூஞ்சையைக் கொல்லும் மருந்துகள் சிலவே இருப்பதற்கும், அவற்றுள் ஒன்றிரண்டு நோயாளியின் சிறுநீரகத்தையும் சேர்த்து வாட்டுவதற்கும் இந்த உறவே பெரும்பாலும் காரணம். ஆயினும் பூஞ்சையின் உயிரணுவைச் சூழ்ந்து ஒரு சுவர் உண்டு. அதில் உள்ள பீட்டா குளுக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலியை நம் சரீரம் எங்கும் உண்டாக்குவதில்லை. அந்தச் சங்கிலியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி நம்முடைய பாதுகாப்பு அணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் டெக்டின்-1 என்பதை, 2001-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் பிரவுனும் சைமன் கார்டனும் எடுத்துக் காட்டினார்கள். காண்டிடாவும் சாமானியமானதன்று, தன் குளுக்கனின் பெரும்பகுதியை வேறொரு சர்க்கரைப் படலத்தால் மூடிக்கொண்டுதான் அது உலவுகிறது.

அப்படியும் அகப்பட்டுக்கொள்ளும் பூஞ்சையை விழுங்குவது, கிளைகிளையாகக் கரம் நீட்டியிருக்கும் டெண்ட்ரிட்டிக் அணு. இதை 1973-ல் உலகுக்கு அறிமுகப்படுத்திய ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-ல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் காலமாகி மூன்று நாட்கள் ஆகியிருந்தன. பரிசுக் குழுவினர் அதை அறிந்திருக்கவில்லை. இந்த அணு, விழுங்கிய பூஞ்சையின் புரதங்களைத் துண்டு துண்டாக்கி, நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று, தாம்பாளத்தில் வைத்து நீட்டுவது போலத் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கிறது. டி அணு பூஞ்சையை முழு உருவில் காண்பதே இல்லை. நம் சொந்த அணு ஏந்திய அந்தச் சிறு துண்டை மட்டுமே அது அறியும். இவ்வாறு ஏந்திக் காட்டுவது இன்றியமையாதது என்பதை, வைரஸ் தாக்கிய எலிகளைக் கொண்டு, 1974-ல் கான்பெராவில் டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் நிறுவினர்.

துண்டு பொருந்திய டி அணு பல்கிப் பெருகும். ஆனால் பெருகினால் மட்டும் போதாது. எவ்வித எதிரியோடு போராட வேண்டும் என்ற தகவலும் அதற்கு வேண்டும். பீட்டா குளுக்கனைத் தொட்ட டெண்ட்ரிட்டிக் அணு இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-23 முதலிய இரசாயனத் தூதுகளைச் சுரந்து அதைத் தெரிவிக்க, டி அணு, 2005 வாக்கில் தனி இனமென்று அங்கீகாரம் பெற்ற டி.எச்.17 என்ற வகையாக மாறுகிறது. இந்த வகை தானே பூஞ்சையைக் கொல்வதில்லை. அது சுரக்கும் இன்டர்லூக்கின்-17 வாயின் மேற்படல அணுக்களை உசுப்ப, அவை நுண்ணுயிர்க் கொல்லிப் புரதங்களைத் தாமே வெளியிடுவதோடு, நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்களையும் அழைத்துவிடுகின்றன. கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் விஷயத்திலோ வேறொரு டி வகை முன்வந்து, இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்து, விழுங்கணுக்களுக்குக் கொல்லும் வலிமையை ஊட்டுகிறது.

இவற்றுள் பெரும்பகுதி, இந்த ஏற்பாடு குலைந்துபோன மனிதர்களிடமிருந்தே நமக்குத் தெரியவந்தது என்பேன். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களைப் பீடித்த அபூர்வமான நியூமோசிஸ்டிஸ் நிமோனியா, பிற்பாடு எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயின் முதல் அறிவிப்பாக அமைந்தது. ஒற்றையணு விலங்கென்று அந்நாளில் கருதப்பட்ட அக்கிருமியும் உண்மையில் பூஞ்சையே. உதவி செய்யும் டி அணுக்களை எச்.ஐ.வி. அழிக்க அழிக்க, கைக்குழந்தைகளின் நாவில் அக்கரமாகப் படரும் அதே காண்டிடா வெண்படலம் வளர்ந்தவர்களின் வாயிலும் தோன்றும். அணுக்கள் மேலும் குறைந்தால் கிரிப்டோகாக்கஸ் மூளையுறைவரை சென்றுவிடும். 2011-ல் பாரிஸில் ஆன் புவெல், கசனோவா ஆகியோரின் குழு, இன்டர்லூக்கின்-17 அல்லது அதன் ஏற்பி பிறவியிலேயே பழுதுபட்ட சிலரை ஆராய்ந்தது. அவர்களுக்குத் தோலிலும் வாயிலும் காண்டிடா தீராமல் பற்றியிருந்ததேயன்றி, இரத்தத்தில் பரவவில்லை. புற்றுநோய் மருந்துகளால் நியூட்ரோஃபில்கள் அருகிப்போனவர்களுக்கோ, இரத்தத்திலேயே அது புகுந்து உயிருக்கு அபாயம் விளைவிக்கும். ஒரே பூஞ்சையை உடல் இருவேறு இடங்களில் இருவேறு காவல்களைக் கொண்டு தடுக்கிறது என்ற சூட்சுமம், இவ்விரு கூட்டத்தாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதே தெளிவாயிற்று.

சோரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கு இப்போது இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் ஊசிகள் வழங்கப்படுகின்றன. தோல் குணமடைந்துவரும் வேளையில் சிலருக்கு நாவில் காண்டிடா தலைகாட்டுகிறது, பெரும்பாலும் எளிய மருந்துக்கே அடங்கிவிடுகிறது. பூஞ்சைக்கென்று மனிதருக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் ஒன்றுமில்லை. அதைச் செய்ய முயல்வோருக்கு எதிர்ப்படும் சங்கடம் இது: தடுப்பூசி பயிற்றுவிக்க வேண்டியது டி அணுக்களை, அதை அதிகம் வேண்டுவோரில் பலரோ, டி அணுக்கள் நலிந்துபோனவர்கள்.