பாறைக்குள் நீர் தேடும் மின்சாரம்

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப்பாறைப் பகுதி. கோவை, ஈரோடு, சேலம், தருமபுரி, திண்டுக்கல் மாவட்டங்களில் போர் போட்டவர்களுக்கு அதன் குணம் தெரியும். ஒரு தோட்டத்தில் தண்ணீர் பீறிடும். சற்றுத் தள்ளிப் போட்டால் வெறும் புழுதி பறக்கும்.

ஆற்றுப்படுகையில் மணலின் இடுக்கெல்லாம் நீர் நிற்கும். கருங்கல்லுக்குள் அப்படி இடம் கிடையாது. மேலே சிதைந்து பொடிந்த பாறையிலும், அதற்குக் கீழே ஓடும் வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். அவை எங்கே இருக்கக்கூடும் என்று தோண்டாமல் கணிப்பதற்கே மின்தடை ஆய்வு.

நேர்க்கோட்டில் நான்கு முளைகளை அடிப்பார்கள். வெளிமுளைகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள்முளைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளிமுளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்கும்போது மின்சாரம் மேலும் ஆழத்துக்கு இறங்கும். ஒவ்வோர் அளவையும் குறித்து வரைபடம் போட்டால் அடுக்குகள் புலப்படும். பிரான்சின் கான்ராட் ஷ்லம்பர்ஜே 1912வாக்கில் களத்தில் சோதிக்கத் தொடங்கிய வழி இது.

உலர்ந்த முழுப்பாறை மின்சாரத்தை எளிதில் விடாது. அதன் தடை ஆயிரம் ஓம்-மீட்டருக்கும் மேல் போகும். நீர் ஊறிய சிதைந்த பாறையில் அது சில பத்துகளிலிருந்து நூற்றுச் சொச்சம் வரை இறங்கிவிடும்.

கவனம் தேவைப்படுவது இங்கேதான். கருவி அளப்பது தடையை, நீரை அல்ல. களிமண்ணும் உப்புநீரும்கூடக் குறைந்த தடையையே காட்டும். களிமண்ணில் ஈரம் இருந்தாலும் கிணற்றுக்கு நீர் சுரக்காது. ஆழத்தில் இருக்கும் மெல்லிய வெடிப்பு வரைபடத்தில் தெரியாமலே போகலாம். புதைத்த இரும்புக் குழாயும் கம்பி வேலியும் அளவைக் கெடுக்கும். எத்தனை இஞ்சு தண்ணீர் வரும் என்று எந்த வரைபடமும் சொல்லாது.

ஆழத்துக்கும் எல்லை உண்டு. வெளிமுளைகளுக்கு இடைப்பட்ட மொத்த நீளத்தில் கால்பங்கு ஆழம் தெரிந்தாலே அதிகம். 400 அடி நீளத்துக்குக் கம்பியை விரித்துவிட்டு 800 அடியில் ஊற்று இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே ஒரே இடத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தோட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எத்தனையாவது அடியில் ஊற்று கிடைத்தது, கோடையில் எவ்வளவு நின்றது என்பதை ஆய்வாளரிடம் சொல்லுங்கள். வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். போர் போடும்போது எந்த அடியில் மண், எதில் பாறை, எதில் ஈரம் என்று எழுதி, அந்த நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து போர் போடும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அந்தக் குறிப்பு வழிகாட்டும்.