தேயிலை வாதைத் துளைக்கும் சிறுவண்டு

கொழுந்தெடுக்கும் பெண் நிரைக்குள் நுழைந்து செல்லும்போது, புஷ்டியாகத் தளிர்த்து நின்ற வாது ஒன்று அவள் இடுப்புப் பட்ட மாத்திரத்திலேயே முறியுமாயின், முறிந்த இடத்தை உற்று நோக்குதல் வேண்டும். குண்டூசித் தலையளவான வட்டத் துவாரம் அங்கே தென்படின், உள்ளே குடியிருப்பது யூவாலேசியா என்னும் பேரினத்து வண்டு என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. லிந்துலையின் குளிர்ந்த மலைகளில் இது அருகியே காணப்படும். நாவலப்பிட்டி, கம்பளை முதலிய தாழ்ந்த, வெப்பமான பிரதேசங்களிலேயே இதன் உபத்திரவம் அதிகம்.

கூன்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அரிசியில் ஊரும் கூன்வண்டுக்குரிய நீண்ட மூக்கு இதற்கு இல்லாமையால், மூக்கைத் தேடுகிறவர் இதனை வேறொரு வம்சமென்று ஒதுக்கிவிடுவர். நடுவே மடங்கி நுனியில் குமிழாகத் திரண்ட உணர்கொம்பே இதன் குலத்தைக் காட்டுகிறது. பெண் வண்டு கருநிறமுடையது. நீளம் இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீற்றர். மேலிருந்து பார்த்தால் மார்புக் கவசம் தலையை மறைத்திருக்கும். இதே வாதுகளைத் துளைக்கும் சைலோசாண்ட்ரஸ் என்னும் பங்காளியிலிருந்து இதனைப் பிரித்தறிய, வண்டை மல்லாத்தி உருப்பெருக்கியால் நோக்குக: யூவாலேசியாவில் முன்னங்கால்களின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும்; மற்றதில் அவை விலகி நிற்பதோடு, முதுகிலே மார்புக் கவசத்தின் பின்னோரத்தில் ஒரு ரோமக் கற்றையும் காணப்படும். நிறத்தையும் பருமனையும் நம்பி முடிவு செய்வதைவிட இவ்விரு லக்ஷணங்களை நம்புவதே உத்தமம்.

இவ்வண்டு மரத்தை உண்பதில்லை என்பது வியக்கத்தக்கது. வாய்ப்புறத்துச் சிறு பையிலே பூஞ்சண வித்துக்களைச் சுமந்துவரும் தாய், தான் குடைந்த சுரங்கத்தின் சுவரில் அவற்றை விதைத்து, முளைக்கும் பூஞ்சணத்தைத் தானும் உண்டு குஞ்சுகளுக்கும் உணவாக்குகிறது. அந்தப் பூஞ்சணத்தை 1947இல் விவரித்துப் பெயரிட்டவர்கள், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த காட், லூஸ் என்னும் இருவராவர். ஆண் வண்டுகள் சிலவே. அவை பறக்கும் சக்தியற்றவை. பிறந்த சுரங்கத்திலேயே தம் சகோதரிகளுடன் கூடி, அங்கேயே வாழ்ந்து மடிவன. சுரங்கம் வாதை உள்ளே சுற்றி வளைத்துவிடுவதனாலேயே வாது முறிகிறது.

1868இல் ஐக்ஹோஃப் என்பவர் இலங்கை வண்டைக் கொண்டு முதன்முதல் விவரித்த இனத்தை, வாலஸ் என்னும் இயற்கை விஞ்ஞானியின் பெயரால் 1915இல் ஹாப்கின்ஸ் அமைத்த இப்பேரினத்தில் பிற்காலத்தார் சேர்த்தனர். ஒன்றென்றே கருதப்பட்டு வந்த அவ்வினம் நான்கென்று 2019இல் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் அவகாடோ மரங்களையும், தென்னாபிரிக்காவில் தெருவோர மரங்களையும் வாட்டுகிறது. நான்கும் தோற்றத்தில் ஒத்திருப்பதால், நுண்ணிய அளவீடும் மரபணுப் பரிசோதனையுமின்றி இனப்பெயர் சொல்லத் துணியலாகாது.

ஆகவே, கவ்வாத்துக்குப் பின் மிலாரை அடுப்புக்குக் கொண்டுபோகுமுன் துவாரமுள்ள வாதுகளைப் பிளந்து பாருங்கள். வண்டு கிடைப்பின் மதுசாரத்தில் இட்டு, மலையின் பெயரையும் திகதியையும் எழுதி, ஆராய்ச்சி நிலையத்தாரிடம் சேர்ப்பியுங்கள்.