மனை விலை கேட்கப் போனேன்!

சீட்டு எடுத்த பணம் கைக்கு வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நகைக்கடைதான். நேரு வீதிக்குக் கிளம்பியவளை என் நாத்தனார் தடுத்தாள். "இன்னும் ரெண்டு வளையல் வாங்கி என்ன பண்ணப் போறீங்க அண்ணி? ஒரு மனையை வாங்கிப் போடுங்க. பிள்ளைங்க படிப்புக்கு ஆவும்" என்றாள்.

மறு வாரமே ஒரு புரோக்கர் வந்துவிட்டார். ஊருக்கு மேற்கே புதிதாகப் போட்ட மனைப் பிரிவு. வண்ணக் கொடிகள், கப்பி ரோடு, வேன் சவாரி, மத்தியானம் சாப்பாடு எல்லாம் உண்டு. "நாளைக்கு விலை ஏறிடும்மா, இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க" என்று ஒரே அவசரம். 50,000 ரூபாயைப் பையில் வைத்துக்கொண்டு நானும் தயாராகிவிட்டேன். என் நல்ல காலம், முதல் நாள் ராத்திரி பிடித்த மழை விடவில்லை, வேன் வரவில்லை. நானும் அவரும் ஸ்கூட்டரிலேயே போய்ப் பார்த்தோம். கொடிக் கம்பம் மட்டும்தான் தெரிந்தது. மனை முழங்கால் தண்ணீரில் கிடந்தது!

திரும்பி வரும்போதே எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெரிய மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்குகிறோம், காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்கும் பொருளுக்கு மட்டும் ஒரே ஆள் சொன்ன விலையை நம்பலாமா? ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஒரு வருஷத்துக்கு எதையும் வாங்குவதில்லை, விலை மட்டும் கேட்பது என்று சபதம். "பைத்தியமா உனக்கு?" என்று அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

பாண்டி முழுவதையும் பார்க்கப் புறப்பட்டால் தலை சுற்றும். வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சுக் காலத்து வீடுகளின் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். ஓட்டல்காரர்களும் வெளிநாட்டுப் பணமும் போட்டி போடும் இடம் அது. அந்த விலையை வைத்து நம் வீதிக்குக் கணக்குப் போடக் கூடாது. நான் முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். நடந்தே போகலாம், தெரிந்த முகங்களும் உண்டு.

ஒரே வீட்டுக்கு மூன்று விலை இருப்பது அப்போதுதான் புரிந்தது. விற்பவர் வாயால் சொல்வது ஒன்று. பேசி முடித்துக் கை மாறிய விலை இன்னொன்று. பத்திரச் செலவைக் கணக்குப் பண்ண அரசாங்கம் வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு மூன்றாவது. நமக்கு வேண்டியது நடுவில் இருப்பது, அதாவது படிந்த விலை. அதை யாரும் போர்டில் எழுதி மாட்டுவதில்லை. சமீபத்தில் அதே வீதியில் வாங்கியவரைத் தேடிப் பிடித்துப் பக்குவமாகக் கேட்க வேண்டும். இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள். எந்த வீடு எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, யார் ஏன் காலி செய்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆறு மாதமாக விலை போகாத வீடு என்று தெரிந்தால், "நாளைக்கு ஏறிடும்மா" என்பவரைப் பார்த்துச் சிரிப்புத்தான் வரும்.

அடுத்தது வாடகை. உதாரணத்துக்கு 50 லட்ச ரூபாய் வீடு, மாதம் 12,000 ரூபாய் வாடகை என்று வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு 1,44,000. ஒரு மாதம் காலியாக இருக்கும், வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் என்று 24,000 கழித்தால் மிச்சம் 1,20,000. போட்ட பணத்துக்கு 2.4 சதவீதம்தான்! பாங்கில் நிரந்தர வைப்பில் போட்டால் இதைவிடக் கூட வரும். மீதியை விலையேற்றம்தான் ஈடுகட்ட வேண்டும். ஏறும் என்று எழுதிக் கொடுப்பார் யாருமில்லை. 30 லட்சத்துச் சின்ன வீடு 10,000 ரூபாய்க்குப் போனால், 20,000 செலவு போக 3.3 சதவீதம். பார்வைக்குப் பெரிய வீடு எல்லாம் வருமானத்துக்குப் பெரிய வீடு அல்ல. வாடகைக்கு யார் வருவார்கள் என்பதையும் பாருங்கள். கோரிமேட்டில் ஜிப்மர், காலாப்பட்டில் பல்கலைக்கழகம் இருக்கிற வரை அந்தப் பக்கம் ஆள் வந்துகொண்டேதான் இருக்கும்.

கடன் வாங்குவதாக இருந்தால் இன்னும் உஷார். ரிசர்வ் பாங்க் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கிடைக்கும். அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். 50 லட்ச வீட்டுக்கு 40 லட்சம் கடன், மீதி 10 லட்சமும் பத்திரச் செலவும் நம் கையிலிருந்து. வட்டி எட்டரை சதவீதம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். வாடகையோ 12,000! மீதி 22,700-ஐ மாதா மாதம் எந்த டப்பாவிலிருந்து எடுப்பது?

தண்ணீர் விஷயத்தில் பெண்களை ஏமாற்ற முடியாது. கடல் பக்கத்து வீதிகளில் போரிங் தண்ணீர் உப்புக் கரிக்கலாம். "இந்தத் தண்ணியில பருப்பு வேகுதாக்கா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் போதும், உண்மை வந்துவிடும். மழைத் தண்ணீருக்கு 2024 நவம்பர் 30-ஆம் தேதியை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். ஃபெஞ்சல் புயலன்று ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற நல்ல பெயர் எடுத்த நகர்களே மிதந்தன. எந்த வீட்டைப் பார்த்தாலும் அன்றைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுவிட்டு, புதுச் சுண்ணாம்புக்கு அடியில் கறை தெரிகிறதா என்றும் பார்க்கிறேன்.

முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். "பாண்டி மனை" என்று விளம்பரம் வரும், பத்திரம் பதிவது தமிழ்நாட்டில். கட்டணம் வேறு, விதி வேறு. அங்கே 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்பதும் தெரிந்துகொண்டேன். எந்தப் பக்கமானாலும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவு என்றால் 'ரெரா' பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். 2016-ஆம் வருஷச் சட்டம் அது.

இன்னொன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் புதுவைப் பட்டாவில் பரப்பளவு ஹெக்டேர், ஆர், சென்ட்டியார் என்றிருக்கும். பிரெஞ்சுக்காரர் விட்டுப் போன கணக்கு. சென்ட்டியார் வேறு, சென்ட் வேறு! ஒரு சென்ட்டியார் ஒரு சதுர மீட்டர், அதாவது பத்தே முக்கால் சதுர அடி. ஒரு சென்ட்டோ 435 சதுர அடிக்கு மேல். நான் முதலில் இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஒரு மனைக்குத் தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டு சந்தோஷப்பட்டேன். வக்கீல் ஐயா வாய்விட்டுச் சிரித்தார். பழைய வீடானால் நொத்தேர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரமே மூலப் பத்திரமாக இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த வக்கீலுக்குக் கொடுக்கும் பீஸில் கஞ்சத்தனம் வேண்டாம். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போடுங்கள்.

நோட்டுப் புத்தகத்தில் இதுவரை 41 வீடுகள் ஏறியிருக்கின்றன. முத்தியால்பேட்டையில் சின்ன ஓட்டு வீடு ஒன்று மனதுக்குப் பிடித்திருக்கிறது. பருப்பு வேகிறதாம், விலையும் கட்டுப்படியாகும். வீட்டுக்கார அம்மாள் "எப்பம்மா முடிக்கலாம்?" என்று கேட்கிறார். ஐப்பசி மழையில் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.