உங்களுக்குத் தெரியுமா? ஒரகடம் பக்கம் சுஷி சாப்பாடு!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றால் கார் கம்பெனிதானே ஞாபகம் வரும்? அந்த ரோட்டோரத்தில் ஜப்பானிய எழுத்தில் போர்டு மாட்டிய ஓட்டல்கள் இருக்கின்றன! மதியச் சாப்பாட்டுக்கு அங்கே சோறும் மீனும் சேர்ந்த ஜப்பானிய உணவான சுஷி கிடைக்கும்!

2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அதே வட்டாரத்தில் ஜப்பானின் கனரக இயந்திரக் கம்பெனி கொமட்சு. வல்லம் வடகாலில் யமஹா. ஜப்பான் இன்ஜினீயர்கள் வந்தார்கள், பின்னாலேயே அவர்கள் சாப்பாடும் வந்துவிட்டது! 2019 அக்டோபரில் சென்னைக்கும் டோக்கியோவுக்கும் நேரடி விமானமே விட்டார்கள்!

சென்னைக்குள்ளும் ஒன்று உண்டு. நுங்கம்பாக்கம் காவேரி காம்ப்ளெக்ஸுக்குள் 'டாலியா'. நகரத்தின் மிகப் பழைய ஜப்பானிய உணவகங்களில் ஒன்று.

இப்போது ஒரு அசத்தல் தகவல். தட்டுகள் பெல்ட்டில் சுற்றி வரும் சுஷிக் கடையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த யோசனை பிறந்த இடம் சமையலறை அல்ல, பீர் ஃபேக்டரி! யோஷியாக்கி ஷிராய்ஷி என்ற ஒசாகா கடைக்காரர் அசாஹி ஆலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்தார். என் கடைக்கும் இதேதான் வேண்டும் என்று முடிவு கட்டினார். 1958-ல் முதல் கடை! பெல்ட்டின் வேகம் நொடிக்கு 8 சென்டிமீட்டர்! ஒரகடத்துத் தொழிலாளி ஷிஃப்ட் முழுக்கப் பார்க்கிற அதே கன்வேயர் பெல்ட் சாப்பாட்டு மேஜைக்கும் வந்த கதை இது!

ஆதி காலத்துச் சுஷியில் சோற்றைச் சாப்பிடவே மாட்டார்கள்! மீன் கெடாமல் இருக்கச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். மீனை எடுத்துக்கொண்டு சோற்றைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்!

சால்மன் சுஷி பழங்கால ஜப்பானிய உணவா? இல்லவே இல்லை! 1980-களில் நார்வேக்காரர்கள் போய் விற்றுப் பழக்கியது!

நம் வீட்டுச் சமாச்சாரத்துக்கு வருவோம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மாசிக் கருவாடு தெரியுமல்லவா? இலங்கைத் தமிழர் சம்பலில் இடித்துப் போடுவார்களே, கட்டை மாதிரி இறுகிக் கிடக்குமே, அதேதான்! வரிச்சூரையை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்தால் மாசி. ஜப்பானில் அதே வரிச்சூரையை வேகவைத்து, திரும்பத் திரும்பப் புகை போட்டு உலர்த்துகிறார்கள். பெயர் கட்சுஓபுஷி! மெல்லிசாகச் சீவி வெந்நீரில் போட்டால் அவர்களுடைய சூப்புக்கெல்லாம் அடிப்படையான 'தாஷி' தயார். சுஷியோடு வருகிற அந்தக் குட்டிக் கிண்ணத்து மிசோ சூப்பிலும் பெரும்பாலும் அதுதான்! மாலத்தீவு மாசியைப் பற்றி 14-ம் நூற்றாண்டிலேயே இபின் பதூதா எழுதி வைத்துவிட்டார்!

சூரை பிடிக்க நம் ஆட்களும் கிளம்பியாயிற்று. பாக் நீரிணை மீனவர்களை ஆழ்கடல் தூண்டில் படகுக்கு மாற்ற 2017-ல் ராமேஸ்வரத்தில் திட்டம் தொடங்கியது. அப்போது ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய்!

சுஷியைச் சுற்றியிருக்கும் கறுப்புத் தாள்? கடல்பாசி! அதன் வளர்ப்பு ரகசியத்தை உடைத்தவர் ஜப்பான்காரர் அல்லர். கேத்லீன் ட்ரூ-பேக்கர் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி! 1949-ல் அவர் எழுதிய கட்டுரையால்தான் ஜப்பானின் பாசி விவசாயமே பிழைத்தது. உட்டோ நகரத்தில் ஏப்ரல் 14 அன்று அவருக்கு விழா எடுக்கிறார்கள்! அவரோ ஜப்பானில் கால்கூட வைத்ததில்லை!

பாம்பன் பெண்கள் முங்கி எடுக்கிற பாசி வேறு இனம். அதிலிருந்து வருவது அகர். நோன்பு திறக்கும்போது சில்லென்று ஒரு துண்டு கடல்பாசி சாப்பிடுவோமே, அது அகர்தான்! அதைச் செய்யும் வித்தை பிறந்தது 17-ம் நூற்றாண்டு ஜப்பானில்!

சுஷிக்கு ஸ்பூன் வேண்டாம், குச்சிகூட வேண்டாம். கையால் எடுத்துச் சாப்பிடலாம், ஜப்பானிலேயே அதுதான் மரபு! சோயா சாஸில் சோற்றுப் பக்கத்தைத் தோய்க்காதீர்கள், மீன் பக்கத்தை மட்டும்!

காசிமேட்டு ஏலம் பார்த்து அசந்திருக்கிறீர்களா? 2019 ஜனவரி 5, டோக்கியோவின் தொயோசு மீன் மார்க்கெட். 278 கிலோ எடையில் ஒரே ஒரு சூரை. ஒரு சுஷிக் கடை முதலாளி ஏலம் எடுத்தார். விலை 33 கோடியே 36 லட்சம் யென்! கிலோவுக்கு 12 லட்சம் யென்!